பதினாலு பேருக்கு ஒரு சுவர்

குழாய்க்காரருக்கு ஓவியத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது கழுவுதொட்டியை அடைக்கும் என்பதுதான். அவருடைய அக்கா முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். வேலை முடிந்து வந்ததும் வரைய உட்காருவாள். தூரிகைகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவாள். மாதம் ஒருமுறை தம்பி வந்து தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, வளைவுக் குழாயைக் கழற்றி, நீலமும் பச்சையுமாக இறுகிக் கிடக்கும் சாயத்தைக் கம்பியால் குத்தி எடுப்பார்.

"வரையறத விட்டா உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பார்.

"உனக்கு வேலை குடுக்கத்தாண்டா வரையறேன்" என்பாள் அக்கா.

கலையைப் பற்றி அவர்களுக்குள் நடந்த உரையாடல் மொத்தமும் அவ்வளவுதான்.

அக்கா போன பிறகு அவள் வீட்டிலிருந்து ஒரு சுருள் இவர் வீட்டுக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்தால் பதினாறு அடி நீளம், ஐந்தடி உயரம். மருத்துவமனை கழித்துக்கட்டிய நான்கு படுக்கை விரிப்புகளை ஒட்டித் தைத்து, அதன்மேல் சலவைக்கூடத்துப் பெண்கள் பதினாலு பேரை வரைந்திருந்தாள். சிலர் விரிப்பை உதறுகிறார்கள், சிலர் மடிக்கிறார்கள், ஒருத்தி சும்மா இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். குழாய்க்காரர் அதை ஐந்தடிப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது.

பிறகு வீடு மாற வேண்டி வந்தது. புது வீடு நாலாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்டில் கணவனும் மனைவியும் ஒன்றாக ஏறினால் முறைவைத்துத்தான் மூச்சுவிட வேண்டும்.

"கட்டிலுக்கு அடியில கிடக்கறதுக்கா அண்ணி இத்தனை பேரை வரைஞ்சாங்க?" என்றாள் மனைவி. "நாலு பேர் பாக்கற இடமாப் பாத்துக் குடுத்துடுங்க."

அந்த நகரத்தில் கலைக்கூடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எதற்குக் கொடுப்பது என்று தெரியாததால் குழாய்க்காரர் இரண்டையும் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டு அரைநாள் வேலை என்று நினைத்தார்.

பெரிய கலைக்கூடத்தில் நுழையப் பதினெட்டுப் படிகள் ஏற வேண்டும். மேலே போனதும் கொடை ஏற்புப் பிரிவு கீழ்த்தளத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். இறங்கினார். அங்கே ஓர் அம்மையார் ஒன்பது பக்கப் படிவத்தை நீட்டினார். 'ஓவியர் உயிருடன் உள்ளாரா?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்று எழுதினார். அடுத்த கேள்வி: 'இல்லையெனில், நேரில் வரக்கூடிய தேதி.'

"இத எப்படிம்மா நிரப்பறது?"

"தோராயமாப் போடுங்க. அப்புறம் மாத்திக்கலாம்." அம்மையார் நிமிராமல் கேட்டார், "படத்துல எத்தனை பேர்?"

"பதினாலு பேர்."

"பதினாலு பேர்கிட்டயும் சம்மதக் கடிதம் வேணும்."

"அதுல ஆறு பேர் தவறிட்டாங்கம்மா."

அம்மையார் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தார். மனிதாபிமானம் உள்ளவர் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "அந்த ஆறு பேரை மட்டும் பெயிண்ட் அடிச்சு மறைக்க முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

முடியாது என்று குழாய்க்காரர் சொன்னதும் விவகாரம் இயக்குநர்வரை போயிற்று. பெரிய கலைக்கூடத்தின் இயக்குநர் உயரம் குறைந்தவர். வாசலுக்கே வந்து கைகுலுக்கி, அவரைத் தாமே நிலவறைக்கு அழைத்துப் போனார். இரும்புக் கதவுகள் மூன்றைத் திறந்த பிறகு வரிசை வரிசையாக அடுக்குகள் தெரிந்தன. எல்லாவற்றிலும் படங்கள் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன.

"நாற்பத்தி ரெண்டாயிரம்!" என்றார் பெரிய இயக்குநர். "மேல மாட்டியிருக்கறது முந்நூறுதான். நான் பொறுப்பேத்தப்ப ஆயிரம் இருந்துச்சு. படிப்படியாக் குறைச்சுட்டு வர்றேன்."

"ஏன் சார்?"

"ஒரு ஓவியத்துக்கு முதல் எதிரி யாரு? பார்வையாளர். வெளிச்சம் கேக்கறாங்க. மூச்சு விடறாங்க. கருத்து வேற சொல்றாங்க! இங்க பாருங்க, முப்பது வருஷமா ஒரு கண்ணு பட்டதில்ல. உங்க அக்கா படத்தையும் அப்படி வச்சுக் காப்பாத்துவோம். உலகத்துல யாருமே பாக்காத மாதிரி."

இதற்குள் குழாய்க்காரரின் காது வேறு எதையோ கேட்டுவிட்டது. டொக். சற்று இடைவெளி. டொக். கூரையை ஒட்டிப் போன பழைய இரும்புக் குழாயில் ஓர் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியின் கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்கியது.

"சார், இணைப்பு விட்டுப்போச்சு. ஸ்பேனர் என் பையிலயே இருக்கு. பத்து நிமிஷத்துல முடிச்சுடறேன்."

பெரிய இயக்குநர் இரண்டு கையையும் விரித்து வாளியை மறித்து நின்றார். "தொட்டுடாதீங்க! அது சேகரிப்புல இருக்கு."

விவரமாகச் சொன்னார். பதினோரு வருடங்களுக்கு முன் யாரோ வைத்த வாளி. அடுத்தடுத்து மூன்று இருப்புச் சரிபார்ப்புகளில் இதே இடத்தில் இருந்ததால், விதிப்படி பதிவேட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஏறிவிட்டதை நகர்த்த வேண்டுமென்றால் குழு கூட வேண்டும்.

"சரி சார், வாளி இருக்கட்டும். குழாயை மட்டும் அடைக்கறேன்."

"அடைச்சா தண்ணி நின்னுடுமே? பதிவேட்டுல என்ன இருக்குன்னு பாருங்க. 'ஊடகம்: வாளி, நீர்.'"

குழாய்க்காரர் வீட்டுக்குத் திரும்பினார். பெரியவர்கள் பெரிய இடத்தில் இருந்துகொண்டு சொல்கிறார்கள், நமக்குத்தான் புரியவில்லை என்று சமாதானம் செய்துகொண்டார். ஆனாலும் டொக் டொக்கென்று சொட்டும் இடத்தில் துணியில் வரைந்த படத்தை வைக்க, முப்பத்தைந்து வருடத் தொழில் அவரை விடவில்லை.

சின்னதைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்.

சின்னக் கலைக்கூடத்தில் மூன்று அறைகள், பத்தொன்பது படங்கள், பதினோரு ஊழியர்கள். அன்றைய பார்வையாளர் குழாய்க்காரர் ஒருவரே. வாசலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சீருடை அணிந்த ஒருவர் கூடவே வந்தார். முதல் படத்தின் முன் நிறுத்தி, "எப்படி உணர்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார்.

"நல்லா இருக்குங்க."

"அது அபிப்பிராயம். உணர்வு சொல்லுங்க."

"சந்தோஷமா இருக்கு."

சீருடைக்காரர் படத்தைப் பார்த்தார். அதில் ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது. அவர் இதையும் எழுதவில்லை. உணர்வுப் படிவம் நிரம்பாமல் அடுத்த படத்துக்குப் போக முடியாது, திரும்பிப் போகவும் முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. முக்கால் மணி நேரம் அந்தக் கப்பலின் முன்னாலேயே கழிந்தது. கடைசியில் குழாய்க்காரர் உண்மையைச் சொன்னார்: "கால் வலிக்குதுங்க."

சீருடைக்காரரின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க!" என்று 'உடல்வழி எதிர்வினை, மிக ஆழம்' என்று எழுதிக்கொண்டு, நேரே இயக்குநரிடம் கூட்டிப்போனார்.

சின்னக் கலைக்கூடத்தின் இயக்குநர் ஆறடிக்கு மேல். கதவில் குனிந்து வந்தார். "அங்க போனீங்களாமே," என்றார், பெரிய கலைக்கூடம் இருந்த திசையைக்கூடப் பார்க்காமல். "அங்க ஜனங்க தொலைஞ்சு போயிடுவாங்க. இங்க ஒருத்தரும் தொலைஞ்சதில்ல. ஏன்? ஒருத்தரும் வர்றதில்ல. எங்க பலமே நெருக்கம்தான்."

"படம் பதினாறு அடி சார். சுவர் இருக்கா?"

சுவர் இருந்தது. ஜன்னலுக்கும் தீயணைப்புக் கருவிக்கும் நடுவில் நாலடி. கருவியை நகர்த்த விதியில் இடமில்லை. ஜன்னலை நகர்த்த ஜன்னலுக்கே இடமில்லை. ஆனால் சின்ன இயக்குநர் அசரவில்லை. படத்தைச் சுருளாகவே வைத்துக்கொண்டு, மாதம் மூன்று பெண்களாகப் பிரித்துக் காட்டலாம் என்றார். "நாலு மாசத்துல பன்னெண்டு பேர். அஞ்சாவது மாசம் ரெண்டே பேர்தான். கொஞ்சம் வெறிச்சுனு தெரியும். அது திட்டமிட்ட வெறுமைன்னு எழுதி ஒட்டிடுவோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூட மேஸ்திரியம்மா வீட்டுக்கு வந்தாள். அக்காவோடு இருபது வருடம் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தவள். படத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பவள் அவள்தான். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. உயிரோடிருந்த மற்ற ஏழு பேரும், படத்தை எப்போது மாட்டுகிறார்கள் என்று கேட்டுவரச் சொல்லி அவளை அனுப்பியிருந்தார்கள். அக்கா வரைந்துகொண்டிருந்தபோது ஒருத்தருக்கும் காட்டியதில்லை. முடியட்டும், மொத்தமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாளாம். முடிந்த மாதமே அவள் போய்விட்டாள்.

குழாய்க்காரர் இரண்டு இடத்திலும் நடந்ததைச் சொன்னார்.

"மாசம் மூணு பேரா?" என்றாள் மேஸ்திரியம்மா. "நான் எந்த மாசம்?"

"தெரியலைங்க."

"பெரிய இடத்துல எல்லாரும் ஒண்ணா இருட்டுல கிடக்கணும். சின்ன இடத்துல முறைவச்சு வெளிய வரணும். உயிரோட இருக்கறப்பவும் ஷிஃப்டு, படத்துலயும் ஷிஃப்டா?" அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "தம்பி, எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எல்லாரும் ஒருக்கா சேந்து நின்னு பாக்கணும். அவ்வளவுதான். ரெண்டு பேருக்கு இப்பவே கண்ணு மங்கிட்டு வருது."

மனைவி குழாய்க்காரரைப் பார்த்தாள். குழாய்க்காரர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அப்போதே பிரித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் வீட்டில் மிக நீளமான இடம் கூடத்திலிருந்து குளியலறைக் கதவுவரை. அதுவும் பத்தடிதான்.

இதற்கிடையில் ஒரு விஷயம் நடந்தது. சின்னக் கலைக்கூடம் கேட்கிறது என்று பெரியதற்குத் தெரிந்துவிட்டது. அதுவரை சம்மதக் கடிதம் கேட்டவர்கள் இப்போது கார் அனுப்பினார்கள். பெரியது கார் அனுப்பியது தெரிந்ததும் சின்னது நேரிலேயே வந்தது. அதாவது பதினோரு ஊழியர்களும் வந்து வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். 'இந்நூற்றாண்டின் மாபெரும் விரிப்போவியம்' என்று பெரியது அறிக்கை விட்டது. 'இந்நூற்றாண்டின் மிக நெருக்கமான விரிப்போவியம்' என்று சின்னது அறிக்கை விட்டது. இரண்டு தரப்பிலும் ஒருவரும் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை.

முடிவில் நகராட்சி ஒரு கூட்டுக் குழுவை அமைத்தது. குழு பெரிய கலைக்கூடத்துக் கூட்ட அறையில் கூடியது. குழாய்க்காரர் சுருளைத் தோளில் சுமந்து போய்த் தரையில் விரித்தார். ஒன்பது உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்கள்.

பெரிய இயக்குநர் எழுந்தார். "இந்தப் படைப்பில் உள்ள உழைக்கும் பெண்களின் துயரம் என்னை உலுக்குகிறது. இவர்களை மக்கள் பார்வையிலிருந்து நிரந்தரமாகப் பாதுகாக்கும் வசதி எங்களிடம் மட்டுமே உண்டு."

சின்ன இயக்குநர் எழுந்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. "உழைக்கும் பெண்கள் என்று பொதுவாகப் பேசுவது அவமதிப்பு. நாங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிக்கிறோம். அதனால்தான் மூன்று மூன்றாகக் காட்டுகிறோம்."

மதியம்வரை பேசினார்கள். பிறகு குழுத்தலைவர், நடுநிலைக்குப் பேர்போனவர், ஒரு தீர்வு சொன்னார். படத்தின் நடுவில் ஒரு தையல் இருக்கிறதே? அந்த இடத்தில் வெட்டிவிட்டால் ஆளுக்கு ஏழு பேர். யாருக்கும் குறைவில்லை.

இரண்டு இயக்குநர்களும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். ஒருவர் கத்தரிக்கோலுக்குக் கொள்முதல் குறிப்பு எழுதத் தொடங்கினார்.

குழாய்க்காரர் தரையில் குனிந்து அந்தத் தையலைப் பார்த்தார். அதற்கு இந்தப் பக்கம் மேஸ்திரியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். அந்தப் பக்கம் ஒரு பெண் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு, மேஸ்திரியம்மா மறுமுனையைப் பிடிக்கக் காத்திருந்தாள். இதுவரை அவர் கவனித்துப் பார்க்காத முகம் அது. அக்கா தன்னையும் வரைந்திருந்தாள். மூக்கு நுனியில் சாயம்கூட இருந்தது.

அவர் மண்டிபோட்டுப் படத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"என்ன பண்றீங்க?" என்றார் தலைவர்.

"வேற ஒரு இடத்துல வேலை இருக்கு சார்."

"படத்துக்கு எண் குடுத்தாச்சே!"

"எண்ணை நீங்களே வச்சுக்கங்க சார். படம் எங்க அக்காவோடது." அப்படிச் சொன்னது அவருக்கே புதிதாக இருந்தது. சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

வாசலில் காவலர் மறித்தார். வெளியே போகும் எந்தப் பொருளுக்கும் அது உள்ளே வந்ததற்கான பதிவு இருக்க வேண்டும். பதிவேட்டைப் புரட்டினார். இல்லை. "உள்ள வராத பொருள் எப்படிங்க வெளிய போகும்?"

"அப்ப என் தோள்ல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கங்க."

காவலருக்குப் பெரிய நிம்மதி. அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

குழாய்க்காரர் நேரே சலவைக்கூடத்துக்குப் போனார். துணி மடிக்கும் மேசைகளுக்கு மேலே ஒரு நீளச் சுவர் காலியாக இருந்தது. அளந்தார். பத்தொன்பது அடி. பிரச்சினை ஒன்றுதான், இஸ்திரி இயந்திரத்தின் ஆவி அந்தச் சுவர்ப் பக்கம்தான் அடித்தது. மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் மேஸ்திரியம்மா போய் நின்றாள். "செவுத்துல ஒரு துணி மாட்டணும் சார், ஆவிக் குழாயைத் திருப்பி விடணும்" என்றாள். சலவைக்கூடத்தில் துணி மாட்டுவதற்கெல்லாமா என்னிடம் வருவது என்று அவர் எரிந்து விழுந்தார். அனுமதிப் படலம் அரை நிமிடத்தில் முடிந்தது.

இரண்டு நாள் வேலை. ஆவிக் குழாயை வெளிப்பக்கம் திருப்பினார். படத்தின் மேல் விளிம்பை மனைவி மடித்துத் தைக்க, அதற்குள் இரும்புக் குழாயைச் செருகி, குழாய் தாங்கும் கொக்கிகளில் தூக்கி மாட்டினார். ஓய்வுபெற்றவர்கள் நாலு பேருக்கும் சொல்லி அனுப்பினார்கள். இயந்திரங்களைக் கால்மணி நேரம் நிறுத்தினார்கள்.

எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். "ஏய், இது நீ!" "என் மூக்கு இப்படியா இருக்கு?" "அய்யோ, அவளைப் பாரேன், செத்தவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கா பாரேன்!" கண் மங்கிய ஒருத்தி மேசைமேல் ஏறி நின்று, துணியைக் கையால் தடவித் தன்னைத் தேடினாள். தொடக் கூடாது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

மேஸ்திரியம்மா கடைசிவரை ஒரே இடத்தில் நின்றாள். "என்னை மட்டும் வேலை செய்யாம நிக்கற மாதிரி போட்டுட்டா பாருங்க தம்பி," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இருபது வருஷக் கோவத்தையும் தீத்துக்கிட்டா."

விஷயம் பரவியது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே சலவைக்கூடத்தையும் எட்டிப் பார்த்தார்கள். மருத்துவர்கள் வந்தார்கள். ஒரு செய்தித்தாளில் படம் வந்தது. அது வந்த மறுநாள் காலை பெரிய இயக்குநர் ஒரு பலகையோடு வந்தார்: 'பெருங்கலைக்கூடம், மூன்றாம் பிரிவு. பார்வையாளர் அனுமதி இல்லை.' ஐந்து நிமிடத்தில் சின்ன இயக்குநர் இன்னொரு பலகையோடு குனிந்து நுழைந்தார்: 'சிறுகலைக்கூடம், நெருக்கக் கிளை.'

இருவரும் உரையோடு வந்திருந்தார்கள். பெரிய இயக்குநர் தொடங்கினார். "சலவை என்பது..." இயந்திரம் சுழலத் தொடங்கியது. மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை. சின்ன இயக்குநர் அதைவிட உரக்கத் தொடங்கினார். அதுவும் கேட்கவில்லை. இருவரும் வாயை மட்டும் அசைத்தபடி, கையை நீட்டிப் படத்தைக் காட்டி, மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்ந்தார்கள். வழியை அடைத்துக்கொண்டார்கள். இஸ்திரியிலிருந்து வந்த விரிப்புகள் குவியத் தொடங்கின.

மேஸ்திரியம்மாவுக்கு அன்று இரண்டு பேர் விடுப்பு. இருநூறு விரிப்பு மதியத்துக்குள் வார்டுக்குப் போக வேண்டும். அவள் ஒரு விரிப்பை எடுத்தாள். இரண்டு முனைகளைப் பெரிய இயக்குநர் கையில் திணித்தாள். மற்ற இரண்டு முனைகளை எடுத்துப்போய்ச் சின்ன இயக்குநர் கையில் கொடுத்தாள்.

"சும்மா நிக்கறவங்களுக்கு இங்க இடமில்ல சார்," என்று கத்தினாள். "பிடிச்சுக்கிட்டு எதிரெதிரா நடந்து வாங்க!"

கூடத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரிலிருந்தும் பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இயக்குநர்களும் வேறு வழியில்லாமல் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். ஒருவர் கை உயரத்திலும் ஒருவர் கை தாழ்விலும் இருந்தது. நடுவில் சந்தித்தபோது விரிப்பு கோணலாகச் சுருண்டு தொங்கியது.

மேஸ்திரியம்மா முனைகளைப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"மூலைக்கு மூலை சேரலையே சார். பிரிங்க. மறுபடியும்."